வசதி வேற, வாழ்க்கைத் தரம் வேற

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒருத்தர் மறுபடியும் அந்தப் பட்டியலைப் போட்டிருந்தார். உலகத்திலேயே வாழத் தகுந்த நகரங்கள், 2025. மேலே கோபன்ஹேகன், வியன்னா, சூரிச். நம்ம ஊர்களைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். உடனே சித்தப்பா மகன், "அங்கே நீயே கக்கூஸ் கழுவணும், நீயே சமைக்கணும், டாக்டரைப் பார்க்க மூணு மாசம் காத்திருக்கணும், இதெல்லாம் ஒரு வாழ்க்கையா? இங்கே ராஜா மாதிரி இருக்கேன்" என்று ஆரம்பித்தான். நாற்பது மெசேஜ் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

நான் மதுரைக்காரன். சிங்கப்பூரில் நாலு வருஷம், இப்போது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஏழாவது வருஷம்.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. இங்கே கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியே இருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாது. காலில் ரப்பர் செருப்பு, கையில் போன் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி போன் போட்டுக் கொடுத்தார். பூட்டுத் திறக்கிறவர் வந்தார், ஒரு பிளாஸ்டிக் தகடை இடுக்கில் விட்டார், நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது, 240 யூரோ என்று பில்லை நீட்டினார். மதுரையில் சைக்கிளில் வரும் சாவிக்காரர் 200 ரூபாய்க்குத் திறந்துவிட்டு, மாற்றுச் சாவியும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றிரவு முழுக்க அந்த 240 யூரோ வாங்கிய மனுஷனைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துதான் உறைத்தது. அவர் நேரத்துக்கு இந்த ஊரில் விலை இருக்கிறது. சைக்கிளில் வருகிறவர் நேரத்துக்கு நம்ம ஊரில் விலை இல்லை. நான் அனுபவித்ததாகச் சொல்லும் வசதி, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான். (சரி, ஞாயிறு இரவு என்பதால் அவரும் கொஞ்சம் கூடுதலாகவே கறந்தார், அது வேறு விஷயம்.)

எங்கள் ஆபீஸைச் சுத்தம் செய்கிற அம்மா ஒருத்தர் குரோஷியாக்காரர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்று வாரம் கடலோரத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வந்ததும் எல்லோரிடமும் போட்டோ காட்டுவார். வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் லீவு, அவருக்கும் உண்டு, எங்கள் மேனேஜருக்கும் உண்டு. காய்ச்சல் என்று படுத்தால் ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும், அதற்கு மேல் போனால் மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒரு பகுதி வரும். அவரும் என்னைப் போலவே தோல் டாக்டருக்கு மூன்று மாசம் காத்திருக்கிறார். எனக்கு அது எரிச்சல்தான். ஆனால் வரிசையில் நாங்கள் இருவரும் ஒன்றாக நிற்கிறோம் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

சிங்கப்பூர் கதை வேறு. திருச்சியிலிருந்து ஒரே விமானத்தில், ஒரே தமிழ் பேசிக்கொண்டு இறங்கியவர்கள் இரண்டு சிங்கப்பூரில் வாழ்கிறார்கள். எனக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ், அதாவது நல்ல சம்பளத்து ஆபீஸ் வேலைக்கான விசா; பக்கத்து சீட்டில் வந்த பட்டுக்கோட்டைத் தம்பிக்கு வொர்க் பெர்மிட், கூலி வேலைக்கான அனுமதி. நான் மனைவியைக் கூட்டிவர முடிந்தது, அவனுக்கு அந்த உரிமையே கிடையாது. நான் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் ஏசியில் போவேன், அவன் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போவான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் புல்தரையில் உட்கார்ந்து மகளுடன் வீடியோ காலில் பேசுகிறவர்களைப் பார்த்தால் தெரியும். சுத்தம், பாதுகாப்பு, குழாயில் குடிக்கும் தண்ணீர் எல்லாம் உண்மை, நான் அதை ரசித்தவன். ஆனால் எந்தச் சராசரியில் அந்தத் தம்பியைச் சேர்ப்பீர்கள்?

இன்னொன்று, இந்த நகரப் பட்டியல்களில் சில யாருக்காகப் போடப்படுகின்றன தெரியுமா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள் 'கஷ்டப்படி', அதாவது சிரமமான ஊருக்குப் போகிறவருக்குத் தரும் கூடுதல் பணம், எவ்வளவு தரலாம் என்று பார்ப்பதற்கு. கம்பெனி வீடு, கம்பெனி இன்ஷூரன்ஸோடு போகிறவருக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு நாம் குடும்ப குரூப்பில் அடித்துக்கொள்கிறோம்.

அதற்காக வியன்னா சும்மா மேலே வருகிறது என்று சொல்லமாட்டேன். இரண்டு வருஷம் முன்னால் போனபோது கார்ல் மார்க்ஸ் ஹோஃப் பார்க்கப் போனேன். 1927-ல் தொடங்கி 1930-ல் திறந்த, ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான குடியிருப்பு, நகராட்சி தொழிலாளர்களுக்காகக் கட்டியது. நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் உள்ளே பெரிய பெரிய மரங்கள், புல்வெளி, குழந்தைகள் ஓடுகின்றன, பால்கனியில் ஒரு தாத்தா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோதான் இருக்கிறார்கள். டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷ பாஸ் 2012-லிருந்து 2025 வரை 365 யூரோ, நாளைக்கு ஒரு யூரோ.

ஜெர்மனியில் குறையே இல்லையா என்றால், அய்யோ. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அப்பா தவறியபோது இரண்டு பிளைட் மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை எந்தப் பட்டியலில் எழுத? ஜெர்மனிக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் வரை யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் ஒரு கேக்கோடு வந்தார்.

2025 ஆகஸ்டில் மதுரையில் இருந்தபோது, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கேட்டார், "அந்த ஊர்ல இந்த வேலைக்கு எவ்வளவு தம்பி தருவாங்க?" குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, நம்ம காசுக்கு 1,300 ரூபாய் கிட்ட வரும் என்றேன். வாடகை பாதியைத் தின்றுவிடும் என்றும் சொன்னேன். அவர் அந்த 1,300-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. "லீவு போட்டா புடிப்பாங்களா?"

உடம்பு சரியில்லை என்றால் பிடிக்கமாட்டார்கள் என்றேன். "சும்மா சொல்லாதீங்க" என்று சிரித்துவிட்டுக் குழாயைத் திறந்தார். உள்ளேயிருந்து அம்மா, "போன மாசமே நாலு நாள் வரல, கேட்டுக்கோ" என்றார்.