வளையல் சத்தம் கேட்கும், சரி. சாப்பாடு?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். "கழட்டிடாதடி, சத்தம் வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்" என்றார் ஒரு பெரியம்மா. அவர் சொன்னது சரிதான். ஆறாம் மாதவாக்கிலேயே கருவில் இருக்கும் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் மற்ற பெண்களின் குரலைவிட அம்மா குரலைக் கேட்கவே விரும்புவதை 1980இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். ஹீமோகுளோபின் எட்டரையாம். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும்.

"இரும்பு மாத்திரை போடுறியா?"

"போட்டா குமட்டுதுக்கா. பிள்ளை கறுப்பாப் பொறக்கும்னு அத்தையும் வேண்டாங்கிறாங்க. எப்பவாவது காலையில டீயோட போடுவேன்."

டீயோடு போட்டால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. அதே வீட்டில் குங்குமப்பூ டப்பா மட்டும் தவறாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள்! மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்றேன். "எல்லாரும் சாப்பிட்டு முடிக்க மூணு ஆயிடும்க்கா. அப்புறம் பசி செத்துப்போயிரும்."

இது அவள் ஒருத்தியின் கதையில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தாய்க்கு ரத்தம் குறைந்தால் குழந்தை எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கிற ஆபத்து கூடும். நாளைக்கு அந்தப் பிள்ளை பேச, நடக்கக் கொஞ்சம் தாமதித்தால் "செல்போனைக் குடுத்துக் கெடுத்துட்டா" என்று இவளைத்தான் சொல்வார்கள். மூன்று மணிவரை பட்டினி போட்டதை யார் கணக்கில் எடுப்பார்கள்? குழந்தையின் முதல் சூழல் தாயின் கருப்பை என்கிறோம். அந்தக் கருப்பைக்கு என்ன போய்ச் சேரும் என்பதை மாமியாரின் அடுக்களையும் புருஷனின் வாயும் முடிவு செய்கின்றன. ராத்திரி அவன் போடுகிற கூச்சலும் சேர்த்துத்தான்.

இப்போது இணையத்தில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டுப் போட்டால் பிள்ளை மேதையாகிவிடுமாம். காசு கட்டவும் ஆள் இருக்கிறது. அங்கன்வாடியில் சும்மா தரும் சத்துமாவோ பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது.

என்னைக் கேட்டால், குழந்தை வளர்ச்சிக்கு இந்த மாநிலம் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் சோற்றுச் சட்டியைச் சுற்றித்தான் இருக்கின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோது ஓட்டுக்காக என்றார்கள். 2022இல் காலை உணவு வந்தபோதும் அதையே சொன்னார்கள். ஓட்டுக்காகவே இருக்கட்டுமே! வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அ, ஆ ஏறாது என்பது வாத்தியார்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் வருவதற்கு முந்தைய ஐந்து வருடமும், அதற்கும் முந்தைய பத்து மாதமும் வீட்டுக்குள்தான் கழிகின்றன. அங்கே எந்த அரசு வந்து பரிமாறும்?

வளைகாப்பு முடிந்து அவள் இப்போது அம்மா வீட்டில். நேற்று போன் செய்தாள். பன்னிரண்டரைக்கே தட்டு வைத்துவிடுகிறார்களாம், முருங்கைக்கீரையும் முட்டையும். மாத்திரையை ராத்திரி எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறாள். காலை டீயை மட்டும் விட முடியவில்லையாம்.