முதலாளி ஊரில் இல்லாத நாளில்

தொழில் நடத்துகிற பலருக்கு ஒரு பெருமை உண்டு. "நான் ஒருநாள் வரலைன்னா அங்க எல்லாம் நின்னுடும்." எனக்கென்னவோ அதுதான் அந்தத் தொழிலின் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. சின்ன பில்லுக்கும் அவர் கையெழுத்து, வாடிக்கையாளர் கத்தினாலும் அவர்தான் வர வேண்டும் என்றால், அவர் காலத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை பழகியவர் அவர். மேடைகளில் இந்தக் கதைக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. அந்த மன உறுதி பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் இருந்திருந்தால், மதுரையில் ஒரு கைராசிக்கார டாக்டர் இருந்தார் என்பதோடு முடிந்திருக்கும்.

அவர் செய்த பெரிய வேலையை அறுவை அரங்கில்தான் பார்க்க வேண்டும். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் கண்புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, கருவிகளை எடுத்துவைத்துத் தயாராக்கிவிடுவார்கள். இது முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். டாக்டர் மட்டுமே செய்ய முடிந்ததை டாக்டர் செய்கிறார், மற்றதெல்லாம் சிஸ்டர்கள் கையில். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த கிராமத்துப் பெண்கள், இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். வேகத்தில் தரம் கெட்டுவிடக் கூடாதே என்று, சிகிச்சைக்குப் பின் வருகிற சிக்கல்களுக்கும் கணக்கு வைக்கிறார்கள்.

நிர்வாகத்தையும் அவரே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கல்கத்தா ஐஐஎம்மில் படித்த துளசிராஜைக் கொண்டுவந்தார். கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலை தொடங்கி இங்கேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

"அது சேவை சார், எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள் தொழில் நடத்துகிறவர்கள். கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில்தான் அங்கே இலவசப் பிரிவும் ஓடுகிறது. கல்லாவில் துண்டு விழுந்தால் சேவையும் நின்றுவிடும், அவ்வளவுதான்.

வெங்கடசாமி 2006-ல் காலமானார். அதற்கப்புறம்தான் சென்னைக் கிளையும் திருப்பதிக் கிளையும் வந்தன. குடும்பத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் அதில் பலரும் கண் டாக்டருக்குப் படித்து, அரங்கில் நின்று வேலை செய்கிறவர்கள். பிள்ளை என்பதற்காக எம்.டி. நாற்காலியில் உட்காரவைக்கிற கதையோடு இதைச் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

நம் முதலாளிகளிடம் இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "கத்துக்கொடுத்தா அடுத்த கம்பெனிக்குப் போயிடுவான்." போவான்தான். அரவிந்திலும் சிஸ்டர்கள் கல்யாணமாகிப் போகிறார்கள், அதிகச் சம்பளம் கிடைத்தால் வேறு ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். அதற்காகப் பயிற்சியை நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் புது பேட்ச் எடுக்கிறார்கள். போதாதென்று, தங்கள் முறைகளை மற்ற கண் மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே லைகோ என்று தனியாக ஒரு நிறுவனம் வேறு நடத்துகிறார்கள்.