யூதாசும் கானெலோனும்: எவன் துரோகம் கொடிது?

துரோகி என்றதும் கிறிஸ்தவ உலகத்துக்கு முதலில் நினைவுக்கு வருபவன் யூதாஸ்காரியோத்து. இடைக்காலப் பிரான்சில் அவனுக்கு இணையாகப் பழிக்கப்பட்ட பெயர் கானெலோன். 1100-ஆம் ஆண்டையொட்டிப் பழைய பிரெஞ்சு மொழியில் உருவான 'ரோலண்டின் பாடல்' என்னும் வீரகாவியத்தில், தன் மனைவியின் மகனும் பேரரசர் சார்லமேனின் சகோதரி மகனுமாகிய ரோலண்டை எதிரி அரசன் மார்சிலிடம் காட்டிக்கொடுத்தவன் அவன். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியம் காட்டும் நரகத்தில் இருவரையுமே அடித்தளத்து உறைபனியில்தான் வைத்தார்; ஆயினும் கானெலோனைப் பனியில் விட்டுவிட்டு, யூதாசை இன்னும் ஆழத்தில் சாத்தானின் வாயில் கொடுத்தார். இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்டவர் யார் என்பதை மட்டும் பார்த்தால் தாந்தே சொல்வது சரி. காட்டிக்கொடுத்தவன் பின்னர் என்ன செய்தான் என்பதையும் பார்த்தால் கானெலோனின் துரோகமே கொடிது என்பேன்.

சுவிசேஷத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கவிஞர் பாடியிருக்கிறார் என்பது என் எண்ணம். இயேசுவுக்குப் பன்னிரு சீடர்கள். சார்லமேனுக்குப் பன்னிரு பெருவீரர்கள். யூதாஸ் முத்தமிட்டு அடையாளம் காட்டினான். கானெலோனும் பகைவரோடு முத்தம் பரிமாறித்தான் உடன்படிக்கையை உறுதி செய்கிறான். அங்கே 30 வெள்ளிக்காசு. இங்கே வாள், தலைக்கவசம், அரசி அவன் மனைவிக்கு அனுப்பும் அணிகலன்கள், பத்துக் கோவேறு கழுதைகள் சுமக்கும் அரேபியப் பொன்.

ஆனால் காரணம் என்று வரும்போது இரு கதைகளும் பிரிந்துவிடுகின்றன. மாற்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. சாத்தான் புகுந்தான் என்கிறார் லூக்கா. பணப்பையிலிருந்து திருடியவன் என்கிறார் யோவான். காவியமோ கானெலோனின் மனத்தை அங்குலம் அங்குலமாகத் திறந்து காட்டுகிறது. மார்சிலிடம் முன்பு சென்ற தூதர் இருவரின் தலைகள் வெட்டப்பட்டிருக்க, அதே தூதுக்கு ரோலண்டு அவன் பெயரை முன்மொழிகிறான். தூதனுக்குரிய கையுறையைப் பேரரசர் நீட்டும்போது அது அவன் கைக்கு வராமல் தரையில் விழ, சபையே அதைத் தீக்குறியாகக் கண்டு கலங்குகிறது. அவன் கோழையும் அல்லன். மார்சில் சினந்து ஈட்டியை ஓங்கியபோது, வாளை உறையிலிருந்து இரு விரற்கடை உருவியபடி அசையாமல் நிற்கிறான். இத்தனை துணிவுள்ளவன் தன் வஞ்சத்தை ரோலண்டோடு நேருக்கு நேர் தீர்த்திருக்கலாம். அதை விடுத்து, பின்காவல் படைக்கு ரோலண்டைத் தலைவனாக்கச் செய்து, அவனோடு சேர்த்து அந்தப் படையின் 20,000 பேரையும் பலிகொடுத்தான் என்பதுதான் என்னால் மன்னிக்க முடியாதது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மத்தேயுவின்படி யூதாஸ் மனஸ்தாபப்பட்டு, குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று ஆசாரியர் முன் சொல்லி, காசை ஆலயத்திலேயே எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு சாகிறான். அவனுக்குக் கிடைத்த பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்பதுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் இந்த மனஸ்தாபம் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் தன் செயலுக்குத் தானே பெயரிட்டு அறிக்கையிட்ட ஒருவனை மத்தேயு நமக்குக் காட்டிவிட்டார். கானெலோனோ ஆஹன் நகரில் நடந்த விசாரணையில், பழிவாங்கியது உண்மை, துரோகம் செய்யவில்லை என்று கடைசிவரை வாதிடுகிறான். ரோலண்டு கானெலோனுக்கு என்ன தீங்கு செய்திருந்தாலும், அவன் பேரரசரின் பணியில் இருந்தான், அதுவே அவனுக்குக் காவலாக இருந்திருக்க வேண்டும் என்று மெலிந்த உடலினனான வீரன் தியெரி எழுந்து சொல்லும் மறுமொழியே எனக்கு அந்தக் காவியத்தின் உச்சம்.

வரலாற்றில் கானெலோனே இல்லை. 778 ஆகஸ்டு 15 அன்று பிரனீசு மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி அழித்தவர்கள் பாஸ்குகள் என்றும், மாண்டவர்களுள் ரோலண்டு ஒருவர் என்றும் சார்லமேனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு எழுதுகிறார். துரோகி எவனையும் அவர் குறிப்பிடவில்லை. தோல்வியைத் தாங்க முடியாத பிற்காலம் அதற்கென ஒரு துரோகியைப் படைத்துக்கொண்டது. யூதாஸ் அப்படிப் படைக்கப்பட்டவன் அல்லன்; இயேசு தாமே தெரிந்தெடுத்த சீடன் காட்டிக்கொடுத்தான் என்ற சங்கடத்தை ஆதித் திருச்சபை வேண்டுமென்றே கற்பித்திருக்காது என்ற வாதம் எனக்கு ஏற்புடையது.

காவியத்தின் முடிவில் கானெலோன் நான்கு குதிரைகளால் கிழிக்கப்படுகிறான். அவனுக்குப் பிணை நின்ற உறவினர் முப்பது பேரும் தூக்கிலிடப்படுகிறார்கள். அந்த முப்பது பேரை நினைத்தால் என் மனம் ஆறுவதில்லை. தியெரியின் வாதம் கானெலோன் ஒருவனைக் குறித்ததே. இதே கொடுமையை யூதாசின் பெயரால் ஐரோப்பா ஓர் இனத்தின் மீதே நிகழ்த்தியது. காட்டிக்கொடுக்கப்பட்டவரும் யூதர், மற்றப் பதினொரு சீடரும் யூதர் என்பதை மறந்து, ஒருவனின் பழியை நூற்றாண்டுக்கணக்கில் யூத மக்கள் அனைவரின் தலையிலும் சுமத்தினார்கள். இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 வரை ஆனது. அந்த அறிவிப்பு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.