பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள்

இடம்பெயர்ந்தோரிடையே குடற்புழு பரவக் கை கழுவும் பழக்கமின்மையே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தக் கருத்து பாதிதான் சரி. தில்லியில் பாராபுலா வடிகாலை ஒட்டியிருந்த, தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூனில் இடிக்கப்பட்டபின், நகரின் ஓரத்திலுள்ள நரேலா குடியிருப்புக்கும் வாடகை அறைகளுக்கும் சிதறிய நம்மவர் குடும்பங்களில் ஒன்று எங்கள் உறவு. அந்த வீட்டுப் பையனுக்குக் குடற்புழு நீக்க நாளன்று மாத்திரை கிடைக்கவில்லை. பழைய பள்ளியில் பெயர் இருந்தது, பிள்ளை இல்லை, புதிய பள்ளியில் பிள்ளை இருந்தான், பெயர் ஏறவில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடி வழியாகவே அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மாத்திரை வழங்கப்படுவதால், வீடு இழந்த பிள்ளைகளே முதலில் விடுபடுகிறார்கள்.

மாத்திரை, வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், மறுதொற்றைத் தடுக்காது. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைவது என்பதால், அதைத் தடுக்கச் சோப்பைவிடச் செருப்பே உதவும். உருளைப்புழு முட்டையோ ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடிநீரில் போடும் குளோரின் வில்லைக்கும் அது சாகாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். (எரிவாயு விற்கும் விலையில் தினமும் யார் கொதிக்க வைப்பது என்பது வேறு கேள்வி.) குடியமர்த்தும் இடத்தில் முதல் வாரத்திலேயே, பதிவேட்டைப் பாராமல், அரசின் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரை கொடுக்கலாமே?