24 கெல்வின் தானே என்று ஒதுக்காதீர்கள்

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துபவை மீகடத்திகள். அவற்றில் உயர் வெப்பநிலை வகை என்றாலே பேச்சு ஒரே பக்கம்தான் போகிறது. 1986இல் பெட்னோர்ட்ஸும் முல்லரும் லாந்தனம் பேரியம் செம்பு ஆக்சைடில் அதைக் கண்டார்கள், அடுத்த ஆண்டே இட்ரியம் சேர்மம் 93 கெல்வினை (சுமார் மைனஸ் 180 டிகிரி செல்சியஸை) தொட்டது. இரண்டுமே துளை சேர்த்தவை, அதாவது எலக்ட்ரான்களை எடுத்துக் காலியிடங்களை உண்டாக்கியவை. 1989இல் டோகுரா, டகாகி, உச்சிடா மூவரும் எதிர்த்திசையில் போனார்கள். நியோடிமியம் செம்பு ஆக்சைடில் சீரியம் கலந்து எலக்ட்ரான்களைக் கூட்டினார்கள். அதுவும் மீகடத்தியானது, சுமார் 24 கெல்வினில். எண் சிறியது என்பதற்காக அதைப் பின்னால் தள்ளியது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

துளை பெரும்பாலும் ஆக்சிஜனில் போய் உட்காரும். அங்கிருந்து பக்கத்துச் செம்பு அணுக்களின் காந்த ஒழுங்கை, அதாவது அடுத்தடுத்த அணுக்களின் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக நிற்பதைக் குலைக்கும்; லாந்தனம் சேர்மத்தில் 2 சதவீதத் துளைகளே அதற்குப் போதும். எலக்ட்ரானோ செம்பிலேயே சேர்ந்து அந்த அணுவின் சுழற்சியை, அதாவது அதன் குட்டிக் காந்தத்தை, அணைத்துவிடும், அவ்வளவுதான். அதனால் காந்த ஒழுங்கு 13 சதவீத எலக்ட்ரான் சேர்க்கை வரைகூடத் தாக்குப்பிடிக்கிறது. ஒரே செம்பு–ஆக்சிஜன் தளம், இரண்டு வேறு கதைகள். ஒன்றை மட்டும் விளக்கும் கோட்பாட்டை முழுக் கோட்பாடாக நான் ஏற்க மாட்டேன்.

வேலை எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். வளர்த்த படிகத்தைச் சூடாக்கிக் கொஞ்சம் ஆக்சிஜனை வெளியேற்றினால்தான் மீகடத்தலே வரும். நியோடிமியத்தின் சொந்தக் காந்தத்தன்மை அளவீடுகளில் கலந்து, மீகடத்தலைத் தரும் எலக்ட்ரான் இணைகளின் சமச்சீர் என்ன என்ற வாதத்தைப் பல ஆண்டுகள் இழுத்தது. 2000இல் சூயி, கிர்ட்லி செய்த சோதனை அது டி-அலை (திசைக்குத் திசை குறி மாறும் நான்கிதழ் வடிவம்) என்று காட்டியது, துளைப் பக்கத்தைப் போலவே.

என்னை இதில் கட்டிப்போட்டது வேறொன்று. இட்ரியம் சேர்மத்தில் மீகடத்தலை முழுதாக அடக்க 100 டெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் வேண்டியிருக்கும். எலக்ட்ரான் கூட்டிய சேர்மங்களில் 10 டெஸ்லா அளவே போதும், ஆய்வகத்துச் சாதாரணக் காந்தமே தரும். மீகடத்தல் என்ற திரையை விலக்கி உள்ளே பார்க்கலாம்! இதே எலக்ட்ரான் பக்கத்துப் பிரசியோடிமியம் சேர்மத்தில் அப்படிப் பார்த்தபோது, மின்தடை 40 மில்லிகெல்வின் வரை வெப்பநிலையோடு நேர்கோடாகவே இறங்கியது. சாதாரண உலோகத்தில் அது வெப்பநிலையின் வர்க்கத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும். 2011இல் லாந்தனம் சீரியம் சேர்மத்தின் மென்படலங்களில் இன்னொன்றும் தெரிந்தது: சீரியம் கூடக்கூட அந்த நேர்கோட்டின் சாய்வு குறைகிறது, கூடவே மீகடத்தல் வெப்பநிலையும் இறங்குகிறது, இரண்டும் சேர்ந்தே மறைகின்றன. எலக்ட்ரான்களைச் சிதறடிப்பதும் அவற்றை இணைசேர்ப்பதும் ஒரே சுழற்சி அலைவுகள்தானா, அதாவது அந்தக் குட்டிக் காந்தங்களின் அசைவுகள்தானா? அந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்க வைத்தது இந்த 24 கெல்வின் பக்கம்தான்.