வட கரோலினாவின் மூன்று இடங்கள்

2024 தேர்தல் முடிந்தபோது அமெரிக்கக் கீழவையில் ரிபப்ளிகன் கட்சிக்கு 220 இடங்கள், டெமாக்ரட் கட்சிக்கு 215. பெரும்பான்மைக்குத் தேவை 218. டிவியில் எல்லோரும் டிரம்ப் அலை, விலைவாசி, குடியேற்றம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ என் மாநிலக் கணக்குதான் உறுத்தியது. 2022இல் வட கரோலினாவின் 14 இடங்கள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்தன. 2024இல் ரிபப்ளிகனுக்குப் பத்து, டெமாக்ரட்டுக்கு நான்கு. அந்த மூன்று இடங்களைப் பழைய ஆட்களிடமே விட்டுப் பாருங்கள்: ரிபப்ளிகன் 217, டெமாக்ரட் 218. சபாநாயகர் பதவியே வேறு கட்சிக்குப் போயிருக்கும்.

இரண்டே வருடத்தில் இங்கே மக்கள் மனம் தலைகீழாகிவிட்டதா என்றால், இல்லை. 2023 அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தது. ரிபப்ளிகன் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம். ஆளுநர் டெமாக்ரட், ஆனால் இந்த மாநிலத்தில் தொகுதி வரைபடத்தை ஆளுநர் வீட்டோ செய்ய முடியாது. வரைபடம் வந்ததும் கேத்தி மேனிங், வைலி நிக்கல், ஜெஃப் ஜாக்சன் என்று பதவியில் இருந்த மூன்று டெமாக்ரட்டுகள் மறுபடி போட்டியிடவே இல்லை. நின்றால் தோல்வி என்பது அவர்களுக்கும் தெரியும், வரைந்தவர்களுக்கும் தெரியும். ஓட்டு எண்ணிக்கைக்கு ஒரு வருடம் முன்பே மூன்று இடங்களின் முடிவு வந்துவிட்டது என்பதுதான் உண்மை.

ஜாக்சனின் 14ஆம் தொகுதிக்கு யார் வந்தார் தெரியுமா? டிம் மூர். அந்த வரைபடத்தை நிறைவேற்றிய மாநிலக் கீழவையின் சபாநாயகர் அவரே! இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இந்தியாவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்ததும் நம்ம ஊர் தொகுதி மறுவரையறை சண்டையை நினைப்பார்கள். இரண்டும் வேறு. தமிழ்நாட்டின் கவலை மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது. கோடு போடுவதை அங்கே ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் செய்கிறது. இங்கே இடங்களின் எண்ணிக்கை பத்தாண்டுக் கணக்கெடுப்பில் தானாக வந்துவிடும். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு வட கரோலினாவுக்கு ஒரு இடம் கூடி 13 என்பது 14 ஆனது, யாரும் சண்டை போடவில்லை. சண்டை எல்லாம் கோட்டில். அந்தக் கோட்டைப் போடுவது அதனால் லாபம் அடையும் கட்சிக்காரர்களே.

எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சம மக்கள்தொகை இருக்க வேண்டும், இங்கே சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர். அந்த நிபந்தனையை யாரும் மீறுவதில்லை, மீறத் தேவையும் இல்லை. கணினியில் ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியின் பழைய ஓட்டுக் கணக்கும் இருக்கிறது. எதிர்க்கட்சி ஓட்டு மிக அதிகமாக உள்ள இடங்களை ஒரே தொகுதிக்குள் திணித்துவிடுவார்கள். ராலே, டர்ஹம், ஷார்லட் நகரங்களில் அதுதான் நடந்தது. அங்கே டெமாக்ரட்டுகள் 70 சதவீதம் வாங்கி ஜெயிப்பார்கள், ஜெயிக்கத் தேவைக்கு மேலே விழும் ஓட்டெல்லாம் வீண். மிச்சம் உள்ள நகரங்களைத் துண்டு போட்டு, சுற்றியுள்ள கிராமப்புறக் கவுண்டிகளோடு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்துக் கரைத்துவிடுவார்கள். கிரீன்ஸ்பரோவைச் சுற்றியுள்ள கில்ஃபர்ட் கவுண்டி இப்போது மூன்று தொகுதிகளில் கிடக்கிறது.

கிரீன்ஸ்பரோ இதற்கு முன்பும் அடிவாங்கிய ஊர்தான். நாட்டிலேயே அதிக மாணவர்களைக் கொண்ட கறுப்பினப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது, நார்த் கரோலினா ஏ அண்ட் டி. 2016 வரைபடத்தில் அதன் வளாகத்தின் நடுவே கோடு ஓடியது. ஒரு பாதி 6ஆம் தொகுதி, மறு பாதி 13ஆம் தொகுதி. இரண்டிலும் ஜெயித்தது ரிபப்ளிகன். வளாகத்துக்குள் விடுதி மாறிப் போகும் மாணவன் புது முகவரியில் வாக்காளர் பதிவைத் திருத்த வேண்டிய நிலை.

அந்த 2016 வரைபடம் பிறந்த கதையும் விசேஷமானது. அதற்கு முந்தைய 2011 வரைபடத்தில் 2012 தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க டெமாக்ரட்டுகளுக்குப் பாதிக்குச் சற்று அதிகமான ஓட்டு, கிடைத்தது 13இல் 4 இடம். கறுப்பின வாக்காளர்களை இரண்டு தொகுதிகளுக்குள் திணித்தது செல்லாது என்று 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே திருத்தி வரைய உட்கார்ந்தார்கள். இனத்தைப் பார்த்து வரைந்தால்தானே குற்றம், கட்சியைப் பார்த்து வரைகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். டேவிட் லூயிஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், 10 ரிபப்ளிகன், 3 டெமாக்ரட் வருமாறு வரையலாம் என்று முன்மொழிந்தார். 11க்கு 2 என்று வரைய முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் 10க்கு 3 என்று காரணமும் சொன்னார். கூட்டத்தில், பதிவாகும் ஒலிவாங்கி முன்னால். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். 2016 முடிவும் அவர் சொன்னபடியே 10க்கு 3.

டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோனதன் மேட்டிங்லி இதைக் கணினியில் சோதித்துப் பார்த்தார். சட்ட விதிகளுக்கு உட்பட்டு, கட்சிக் கணக்கே பார்க்காமல் 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களை உருவாக்கினார். 2012 ஓட்டுகளை அவற்றில் பொருத்தினால் 10க்கு 3 என்று வந்தவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. டெமாக்ரட்டுகள் நகரங்களில் குவிந்து வாழ்கிறார்கள், எப்படி வரைந்தாலும் அவர்களுக்கு இழப்புதான் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் குவிதலையும் சேர்த்து எண்ணிய பிறகும் இந்த வரைபடம் தனித்துத் தெரிந்தது என்பதுதான் மேட்டிங்லியின் கணக்கு.

வழக்கு வாஷிங்டன் வரை போனது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதுதான், ஆனால் அதைத் தீர்ப்பது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். திருட்டு என்று ஒப்புக்கொண்டு, புகார் வாங்காமல் அனுப்பியதைப் போலத்தான் எனக்குப் பட்டது.

சரி, மாநில நீதிமன்றம் பார்த்ததா? பார்த்தது. 2022 பிப்ரவரியில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு சட்டமன்றம் வரைந்த புதிய வரைபடத்தை ரத்து செய்தது. நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் உதவியோடு வேறு வரைபடம் வந்தது. அதில் நடந்த தேர்தல்தான் ஏழுக்கு ஏழு. ஆனால் இங்கே நீதிபதிகளையும் கட்சிப் பெயரோடு மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதே 2022 நவம்பரில் இரண்டு ரிபப்ளிகன் நீதிபதிகள் ஜெயித்து, நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்று மாறியது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம், அதே வழக்கில், தன் தீர்ப்பைத் தானே தூக்கிப் போட்டது. அரசியல் சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை, நாற்காலியில் ஆள் மாறினார்கள். அக்டோபரில் புது வரைபடம் தயார்.

டெமாக்ரட்டுகள் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1990களில் இதே வட கரோலினாவில் டெமாக்ரட் சட்டமன்றம் வரைந்த 12ஆம் தொகுதி, நெடுஞ்சாலை 85ஐ ஒட்டிச் சுமார் 160 மைல் பாம்பாக நெளிந்தது. இரண்டு கார் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதி மக்களில் பாதிப் பேருக்கு மேல் செத்துப்போவார்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கிண்டலடித்தது 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. இன்றைக்கு இல்லினாயைப் பாருங்கள். நம்மவர் ராஜா கிருஷ்ணமூர்த்தியின் மாநிலம். அங்கே டெமாக்ரட்டுகள் வரைந்த வரைபடத்தில் 17க்கு 14 அவர்களுக்கு. அதைப் பற்றி நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எந்தக் கட்சி செய்தாலும் அயோக்கியத்தனம்தான், கைதட்டும் ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

ஆனால் இதில் நஷ்டம் டெமாக்ரட் கட்சிக்கு என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 2024இல் 6ஆம் தொகுதியில் டெமாக்ரட் வேட்பாளரே கிடையாது. கிரீன்ஸ்பரோ பக்கம் இருக்கும் என் மாமா மகன் அன்றைக்கு போனில் கேட்டான்: "யாருக்குப் போடுறது அத்தான்? ஒருத்தர் ரிபப்ளிகன், இன்னொருத்தர் கட்சி பேரையே நான் இப்பத்தான் கேள்விப்படுறேன்." அந்த ரிபப்ளிகன் அடிசன் மெக்டவல். மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் அவர் வாங்கியது கால்வாசிக்குச் சற்று மேல். இரண்டாவது சுற்று நடந்திருக்க வேண்டும், எதிரில் இருந்தவர் விலகிக்கொண்டார். ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலுக்கு வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு ஏழரை லட்சம் பேருக்கான ஆளை முடிவு செய்துவிட்டது. அவர் என் மாமா மகன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. ரிபப்ளிகன் வாக்காளர் கதவையும் நவம்பரில் தட்டத் தேவையில்லை. இந்த நஷ்டம் எல்லோருக்கும்.

மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அதனால்தான் பத்துக்கு நான்கு என்பவர்களுக்கு ஜெஃப் ஜாக்சனைக் காட்டுகிறேன். தொகுதியைப் பறிகொடுத்தவர் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) தேர்தலில் நின்றார். எதிரில், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த ரிபப்ளிகன் டேன் பிஷப். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, அங்கே கோட்டை வளைக்க இடமில்லை. ஜாக்சன் ஜெயித்தார். அதே நாளில் டிரம்ப் இங்கே மூன்று சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், டெமாக்ரட் ஜாஷ் ஸ்டைன் கிட்டத்தட்ட 15 சதவீத வித்தியாசத்தில் ஆளுநரானார். ஆளைப் பார்த்து, யோசித்து, மாற்றி மாற்றி ஓட்டுப் போடும் மாநிலம் இது. அதில் கீழவை இடங்கள் மட்டும் பத்துக்கு நான்கு.

அதுவும் போதவில்லை. 2025இல் எல்லையை மாற்றி வரையும் வேலையை டிரம்ப் டெக்சஸில் ஆரம்பித்து வைத்தார், கலிபோர்னியா பதிலடி கொடுத்தது, அக்டோபரில் எங்கள் சட்டமன்றமும் மறுபடி பென்சிலை எடுத்தது. கணக்கெடுப்பும் இல்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை. குறி, வடகிழக்கில் உள்ள 1ஆம் தொகுதி. 2024இல் டெமாக்ரட் டான் டேவிஸ் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தக்கவைத்த இடம், மாநிலத்தில் உண்மையான போட்டி இருந்த ஒரே இடம் என்றே சொல்லலாம். 1901இல் ஜார்ஜ் ஹென்றி வைட் பதவி முடிந்து போன பிறகு, இந்த மாநிலத்திலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் காங்கிரஸுக்குப் போக 1992 ஆனது. அன்றைக்கு ஈவா கிளேட்டன் ஜெயித்ததும் இந்த 1ஆம் தொகுதியில்தான். அதிலிருந்து அங்கே ஜெயித்த எல்லோரும் கறுப்பினத்தவர்கள். அதன் கவுண்டிகளைப் பக்கத்து 3ஆம் தொகுதியோடு மாற்றிப்போட்டு, இலக்கு 11க்கு 3 என்று அறிவித்தார்கள். தடை கேட்டுப் போனவர்களைக் கூட்டாட்சி நீதிபதிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லூயிஸ் முடியாது என்று நினைத்த எல்லைக்கு அவர் வாரிசுகள் நெருங்கிவிட்டார்கள்.

இங்கே ஓட்டுரிமை வாங்கி, இதெல்லாம் வெறுத்துப்போய் வீட்டில் இருக்கும் தமிழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் காங்கிரஸ் தொகுதி ஏற்கெனவே முடிந்த கதையாக இருக்கலாம். ஓட்டுச்சீட்டின் கீழ்ப்பகுதியில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தல் இருக்கும். அதற்கு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. 2024இல் ஆலிசன் ரிக்ஸ் அங்கே 734 ஓட்டில் ஜெயித்தார், தோற்றவர் வழக்காடி அது 2025 மே வரை இழுத்தது. வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் இந்த மாநிலத்து வரைபடத்தை எதிர்த்து வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ரிக்ஸ். 2026இல் அனிடா எர்ல்ஸின் இடம் வருகிறது, அவரும் தொகுதி வரைபட வழக்குகளில் ஊறியவர். 2028இல் ரிபப்ளிகன் நீதிபதிகளின் மூன்று இடங்கள். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு வரப்போகும் வரைபடம் செல்லுமா என்பதைச் சொல்லப்போவது அந்த நீதிமன்றம். போன தடவை நம் ஆட்களில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் சீட்டை மெஷினுக்குள் விட்டீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள் பார்ப்போம்.