எடுத்து வைப்பது சேமிப்பு அல்ல

சென்ற வாரம் சமையலறை அலமாரியின் மேல்தட்டைத் திறந்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா தலையில் விழுந்தது. தொடர்ந்து ஒரு மூடியும் விழுந்தது. அது அந்த டப்பாவின் மூடி அல்ல. கோபத்தில் எல்லாவற்றையும் தரையில் இறக்கி எண்ணினேன். கண்ணாடி பாட்டில்கள் 23, டப்பாக்கள் 31, மூடிகள் அதற்கும் மேல். "எதற்காவது உதவும்" என்று பல வருடங்களாக நான்தான் கழுவிக் கழுவி மேலே ஏற்றியிருக்கிறேன். அவற்றில் எத்தனை உதவின என்று மனைவி கேட்டாள். நான்கு என்று சொன்னேன். அதுவும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்.

காலி டப்பாவை எடுத்து வைப்பதற்கு மறுபயன்பாடு என்று பெயர் சூட்டி நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். உண்மையில் அது குப்பைத்தொட்டிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. அந்த டப்பா இருப்பதால் புதிதாக ஒன்றை வாங்காமல் விட்டால்தான் காசு மிச்சம். வாங்குவதையும் வாங்கிவிட்டு இதையும் வைத்துக்கொண்டால் இட நெருக்கடிதான் மிச்சம்.

இதைவிட மோசம், பழைய பாட்டிலை அலங்காரப் பொருளாக மாற்றும் வீடியோக்கள். ஒருமுறை நானும் மயங்கினேன். வண்ணம், தூரிகை, பசை, சணல் கயிறு என்று எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி, ஒரு விளக்கு செய்தேன். பசை அப்பிய அந்த பாட்டில் இப்போது எந்த வேலைக்கும் லாயக்கில்லை. தொட்டிக்குப் போகவேண்டிய ஒரு பொருளைக் காப்பாற்ற நான்கு பொருள்களை வாங்கியவன் நான்.

பழைய துணி அப்படியல்ல. என் வீட்டில் உண்மையாகவே காசை மிச்சப்படுத்தியது அதுதான். நைந்துபோன பருத்திப் பனியனை உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு வெட்டி, அடுப்பு மேடைக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூடையில் போட்டேன். மேடை துடைக்கக் காகிதத் துண்டு வாங்குவது நின்றுபோனது. கூடை எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். அலமாரிக்குள் வைத்திருந்தபோது யாரும் தொடவில்லை. பாலியஸ்டர் துணியை மட்டும் இதற்கு வெட்டாதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சாமல் இங்கிருந்து அங்கே தள்ளிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நின்றால் வேண்டாம். வெட்டுவதற்கு முன் பொத்தான்களைக் கழற்றி வைத்தால் அடுத்த சட்டைக்கு ஆகும்.

கண்ணாடி பாட்டிலுக்கு அடுத்த இடம். கண்ணாடியை உருக்கி மறுபடி பாட்டிலாக்க சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதையே மறுபடி பயன்படுத்தக் கழுவினால் போதும். வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தபின் ஒட்டியிருக்கும் பிசினில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும். வாடை போகவில்லை என்றால் பாட்டிலைத் திட்டாதீர்கள், மூடியின் உள்பூச்சைப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றக்கூடாது. உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் விரியாது, விரிசல் விழும்.

துணிப்பையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை 131 தடவை பயன்பட்டால்தான் சமமாகும். தெருவிலும் கடலிலும் சேரும் பிளாஸ்டிக் வேறு கணக்கு, அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் 14 பருத்திப் பைகள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்று என்று எடுத்தாலும் கணக்கு தீர ஐந்து வருடம் ஆகும். இலவசமாக நீட்டப்படும் பதினைந்தாவது பையை இனி வாங்கப்போவதில்லை.

சிக்கனம் எல்லை மீறக்கூடாத இடம் ஒன்று உண்டு. குடிநீர் பாட்டிலில் கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி வைக்காதீர்கள். லேபிள் எழுதி ஒட்டினாலும் சரி, உயரத்தில் வைத்தாலும் சரி. குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பெரியவருக்கும் அப்படியே. பூச்சிமருந்து வந்த டப்பாவை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வேறெதற்கும் எடுக்காதீர்கள். கீறல் விழுந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் சூடான உணவை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

இப்போது வீட்டில் ஒரே ஒரு அட்டைப்பெட்டி. காலியான எதுவும் அதில்தான் போகவேண்டும்; நிரம்பிவிட்டால் ஒன்றை வெளியே எடுக்காமல் இன்னொன்று உள்ளே போகக்கூடாது. ஜோடி சேராத மூடிகள் எல்லாம் முதல் நாளே மறுசுழற்சிக்குப் போயின. திருகாணிகள் போட்டு வைத்திருக்கும் தகர டப்பா அந்தப் பெட்டிக் கணக்கில் வருமா வராதா என்று மனைவியோடு நேற்றிலிருந்து வாதம் நடக்கிறது. பயன்பாட்டில் இருப்பதால் வராது என்பது என் கட்சி. அதில் பாதித் திருகாணிகள் துருப்பிடித்தவை என்கிறாள் அவள்.